சத்தத்தைச் சத்தத்தால் தணிக்கும் ஹெட்போன்

மொன்றியலுக்குப் புதிதாக வந்தவர்களிடம் "இந்த ஊர் எப்படி?" என்று கேட்டால் குளிரைப் பற்றிச் சொல்வார்கள், பிரெஞ்சு மொழியைப் பற்றிச் சொல்வார்கள், வாடகையைப் பற்றிச் சொல்வார்கள். சத்தத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆனால் பார்க் எக்ஸ்ரென்ஷனிலோ கோட்-டெ-நெய்ஜிலோ ஒரு 'மூன்றரை' அப்பார்ட்மென்றில் (குளியலறைதான் அந்த அரை!) நான்கைந்து பேராகக் குடியிருப்பவர்களுக்கு அதன் பாடு தெரியும். மேல்வீட்டுக்காரரின் காலடி, ஃபிறிட்ஜின் உறுமல், ஹீற்றர் குழாய் தட்டும் ஓசை, குசினிக் காற்றாடி, அடுத்த அறையில் ரி.வி. இத்தனைக்கும் நடுவில் இரவு வேலை முடித்து வந்த தகப்பன் பகலில் நித்திரை கொள்ள வேண்டும். மகள் சோதனைக்குப் படிக்க வேண்டும். தாய் பிரெஞ்சு வகுப்பில் தந்த ஒலிப்பதிவைக் கேட்டு உச்சரிப்புப் பழக வேண்டும்.

இப்படியான குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுகிறது. இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போன் என்று விற்கிறார்களே, அது உண்மையில் வேலை செய்யுமா? நூறு டொலருக்குக் கீழேயும் கிடைக்கிறது, ஐந்நூறு டொலருக்கு மேலும் கிடைக்கிறது. மூன்று பேர் உழைப்பில் ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் இது சின்னக் காசு அல்ல. ஆகவே இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது, காதில் மாட்டினால் எப்படி இருக்கும், எங்கே உதவும், எங்கே ஆபத்து என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஊஞ்சலும் ஒலியும்

ஊரில் வேப்பமரக் கிளையில் கட்டிய ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் உங்களை விட்டு விலகிப் போகும் நேரத்தில் தள்ளினால் இன்னும் உயரப் போகும். அது உங்களை நோக்கி வரும் நேரத்தில் அதே பலத்துடன் எதிர்த்துத் தள்ளினால் நின்றுவிடும். தள்ளுவது இரண்டிலும் ஒன்றுதான், நேரம்தான் வேறு. இரைச்சல் தணிக்கும் ஹெட்போனின் முழுச் சூத்திரமும் இதுதான்.

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை. காற்று ஒரு கணம் நெருங்குகிறது, மறுகணம் விலகுகிறது. அந்த நெருக்கமும் விலகலும் காதின் செவிப்பறையைத் தள்ளி இழுப்பதையே நாம் சத்தமாகக் கேட்கிறோம். வெளியிலிருந்து வரும் அலை காற்றை நெருக்கும் அதே கணத்தில், காதருகே உள்ள ஒரு சிறிய ஸ்பீக்கர் அதே அளவுக்குக் காற்றை விலக்கினால் என்ன நடக்கும்? மேடும் பள்ளமும் சேர்ந்து சமதரையாகிவிடும். செவிப்பறை அசையாது. ஒரு சத்தத்தை இன்னொரு சத்தம் விழுங்கிவிட்டது என்று சொல்லலாம்.

இதைச் செய்ய ஹெட்போனுக்குள் மூன்று உறுப்புகள் வேண்டும். இரைச்சலைக் கேட்க ஒரு மைக். அதன் எதிர் அலையைக் கணக்கிட ஒரு சின்ன மின்னணுச் சில்லு. அந்த எதிர் அலையை ஒலிக்க ஸ்பீக்கர். நீங்கள் பாட்டுக் கேட்கும் அதே ஸ்பீக்கர்தான் இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. சில வகைகளில் மைக் வெளிப்புறத்தில் இருக்கும். இரைச்சல் காதுக்குள் நுழையுமுன்பே அதைப் பிடித்துவிடும். சில வகைகளில் உட்புறத்தில், காதுக்குப் பக்கத்தில் இருக்கும். எதிர் அலை போன பிறகும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத் திருத்தும். விலை கூடியவற்றில் இரண்டு பக்கமும் மைக் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பற்றரி முடிந்தால் அது வெறும் காது மூடிதான்.

இனி, ஏன் எல்லாச் சத்தத்தையும் இது நிறுத்துவதில்லை என்ற கேள்வி. கடைக்காரர் சொல்லாமல் விடும் விஷயம் இது. விமானத்தின் அடித்தொனி உறுமலைப் போல, செக்கனுக்கு 100 தரம் அதிரும் ஒலியை எடுப்போம். அதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். ஓர் அலை கடந்து போக ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். எதிர் அலை ஒரு செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிந்தினாலும் பெரிய நட்டம் இல்லை. ஆனால் செக்கனுக்கு 5000 தரம் அதிரும் கீச்சுச் சத்தத்தின் அலை ஏழு சென்ரிமீற்றர்தான். அங்கே அதே பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிந்தினால் சரியாக அரை அலை தவறிவிடும். எதிர்த்துத் தள்ள வேண்டிய கை கூடச் சேர்ந்து தள்ளும். சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் ஏறத்தாழ செக்கனுக்கு 1000 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட அடித்தொனி ஒலிகளிலேயே நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேலே உள்ளவற்றைத் தடுப்பது காதை மூடியிருக்கும் பஞ்சு மெத்தைதான். மெத்தை சரியாகப் பொருந்தாவிட்டால், மூக்குக்கண்ணாடிக் கம்பியால் சிறு இடைவெளி விழுந்தாலும், பாதிப் பலன் போய்விடும்.

அப்படியானால் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வெளியே வைத்து முழுத் தெருவையும் அமைதியாக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. ஊஞ்சலுக்கு ஒரே இடத்தில் நின்று தள்ளலாம். ஆனால் திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசையிலும் போகிறது. ஒரு சன்னலடியில் மேடும் பள்ளமும் பொருந்தினால் அடுத்த சன்னலடியில் மேடும் மேடும் சேர்ந்து சத்தம் கூடும். 2023 யூலை 31 அன்று புறொஸார்ட்டுக்கு றெம் ரயில் ஓடத் தொடங்கியபோது பாதையோரத்தில் குடியிருப்பவர்கள் இரைச்சலைப் பற்றி முறையிட்டார்கள். அங்கே எதிர் அலை விட்டுப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைத் தீட்டினார்கள், அதிர்வை உறிஞ்சும் உறுப்புகளை அதில் பொருத்தினார்கள். காது என்ற ஒரே ஒரு சின்ன இடத்துக்கு மட்டும் காவல் நிற்பதால்தான் ஹெட்போனால் இந்த வித்தையைச் செய்ய முடிகிறது.

அகதி ஒருவரின் மகன்

இந்த யோசனை புதியதல்ல. ஜேர்மனியரான போல் லூக் 1933இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1936இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அன்றைய வால்வு மின்னணுவியல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. யோசனை தாளிலேயே கிடந்தது. 1950களில் விமானிகளுக்காகவும் ஹெலிகொப்டர் ஓட்டுபவர்களுக்காகவும் அமெரிக்காவில் சில முயற்சிகள் நடந்தன.

அதைச் சாதாரண மனிதர் காதுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமர் போஸ். இவரது தகப்பனார் நொனி கோபால் போஸ், பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக இயங்கிய வங்காளி. சிறை சென்று, பின் பொலிசின் தேடுதலிலிருந்து தப்பிக் கப்பலேறி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வந்து கரை சேர்ந்தவர். சுருங்கச் சொன்னால் எம்மைப் போல ஓர் அகதி. அங்கே 1929இல் பிறந்த மகன் அமர், இரண்டாம் உலகப்போரின்போது தகப்பனின் வியாபாரம் படுத்துவிட, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போதே றேடியோ திருத்திக் குடும்பத்துக்கு உதவினார். பின்னர் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பேராசிரியராகி, 1964இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டிப் பாட்டுக் கேட்கப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் என்றால் கழற்றி வைத்துவிட்டு நித்திரை கொண்டிருப்பார்கள். இவர் தாளையும் பேனையையும் எடுத்து, எதிர் அலைக்கான கணக்கைப் போடத் தொடங்கினார். விமானம் தரையிறங்குமுன் இது முடியக்கூடிய காரியம்தான் என்று கண்டுகொண்டார். ஆனால் கணக்கு ஒரு பயணத்தில் முடிந்தது. சாமானாக வர பதினொரு வருடம் எடுத்தது. இடையில் 1986இல், எங்கும் தரையிறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றிய 'வொயேஜர்' விமானத்தின் இரு விமானிகளும் இதன் மாதிரிகளை அணிந்துசென்றார்கள். 1989இல் விமானிகளுக்கான ஹெட்போன் விற்பனைக்கு வந்தது. பயணிகளுக்கும் பொதுமக்களுக்கும் வந்தது 2000இல். சோனி போன்ற பல நிறுவனங்களும் இறங்கின; 2019இல் ஆப்பிள் நிறுவனம் காதுக்குள் செருகும் சின்னஞ்சிறு வகையிலும் இதைக் கொண்டுவந்தது. அமர் போஸ் 2013இல் காலமானார். தன் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை 2011இலேயே தான் படித்த பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளை என்ன படிக்கப் போகிறதோ என்று கவலைப்படும் எம்மவர் வீடுகளில் இந்தக் கதையை ஒருமுறை சொல்லலாம்.

மாட்டினால் எப்படி இருக்கும்?

மெற்றோவில் மாட்டிப் பாருங்கள். மொன்றியல் மெற்றோ 1966இல் தொடங்கிய நாளிலிருந்து றப்பர் சில்லில் ஓடுகிறது. ஆனாலும் சுரங்கத்துக்குள் அதன் இரைச்சல் கொஞ்சமல்ல. பொத்தானை அழுத்தியதும் அந்த உறுமல் யாரோ கம்பளத்தால் மூடியதுபோல் கீழே போய்விடும். போன பிறகுதான் இத்தனை நேரமும் அவ்வளவு இரைச்சலுக்குள் இருந்தோமா என்று வியப்பு வரும். ஆனால் பக்கத்துக் கதிரையில் கதைப்பவரின் குரல் மெலிந்தாவது கேட்கும். கதவு மூடுமுன் வரும் மூன்று சுரமும் கேட்கும். குழந்தையின் அழுகையும் கேட்கும். அழுகை கீச்சுத் தொனி அல்லவா! "முழு அமைதி" என்று பெட்டியில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். நல்ல ஹெட்போன் அடித்தொனி இரைச்சலை 20 டெசிபலும் அதற்கு மேலும் குறைக்கும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்பது பொதுக் கணக்கு.

இன்னொரு நன்மை உண்டு. இரைச்சல் இல்லாதபோது பாட்டின் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. பஸ்ஸில் எஞ்சினோடு போட்டி போட்டுப் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளின் காதுக்கு இது நல்லது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த எல்லை. பிள்ளையின் தொலைபேசியில் சத்தத்துக்கு உச்ச அளவு போட்டு வைக்க வசதி இருக்கிறது; ஒருமுறை தேடிப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.

விசித்திரமான சில அனுபவங்களும் உண்டு. முதல்தரம் மாட்டும் சிலருக்குக் காது அடைத்ததுபோல், லிஃப்ற் கெதியாக இறங்கும்போது வருவதுபோல் ஓர் அழுத்தம் தெரியும். உண்மையில் காற்றழுத்தம் மாறுவதில்லை. அடித்தொனி ஒலிகள் திடீரென மறைவதை மூளை அழுத்த மாற்றமாக எடுத்துக்கொள்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பெரும்பாலானோருக்குச் சில நாளில் பழகிவிடும். சிலருக்குத் தலையிடியாகவே இருக்கும், அவர்கள் விட்டுவிடுவதே நல்லது. மற்றது, சொந்தக் குரல் கிணற்றுக்குள் கதைப்பதுபோல் முழங்கும். முறுக்குக் கடித்தால் தலைக்குள் கல் உடைப்பதுபோல் இருக்கும்! ஏற்கெனவே அமைதியான அறையில் மாட்டினால் மெல்லிய 'ஸ்ஸ்' என்ற ஓசை கேட்கும். அது ஹெட்போனின் சொந்தச் சத்தம். காற்று வீசும்போது வெளியே நடந்தால் காற்று மைக்கில் மோதிப் பரபரக்கும்.

அமைதி பயமுறுத்தும்போது

எம்மவரிடம் மட்டும் கேட்கக்கூடிய ஒரு விஷயத்தையும் இங்கே எழுத வேண்டும். எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் மகன் தன் முதற் சம்பளத்தில், இரவில் நித்திரை வராத தாய்க்கு இப்படியொன்று வாங்கிக் கொடுத்தான். அவர் மாட்டினார். ஒரு நிமிடம்கூட இருக்காது, கழற்றிவிட்டார். "தம்பி, இதைப் போட்டா எனக்கு நெஞ்சு படபடக்குது. ஆரும் கதவைத் தட்டினாக் கேக்குமோ? பின்னால வந்து நிண்டாலும் தெரியாதே" என்றார்.

இதில் வியப்பில்லை. போர்க்காலத்தில் எமது காதுதான் எமக்குக் காவல். தூரத்தில் கேட்பது ஹெலியா, பொம்பரா, ஷெல் புறப்படும் சத்தமா என்று ஐந்து வயதுப் பிள்ளையே சொல்லும். கேட்டவுடன் பங்கருக்குள் ஓடியவர்கள் தப்பினார்கள். அப்படி வருடக்கணக்காகக் காவல் நின்ற காதை ஒரு பொத்தானை அழுத்தி மூடினால் உடம்பு கலவரப்படத்தான் செய்யும். வேறு சிலருக்கு இதற்கு நேர் எதிர். ட்ரூடோ விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் வீட்டுக்கு மேலால் போகும்போது கை நடுங்கும் முதியவர் ஒருவர், அந்த உறுமல் குறைந்ததும் பின்னேரத்தில் சாய்மனைக் கதிரையிலேயே நித்திரையாகிவிடுகிறார் என்று அவரது மருமகள் சொன்னார். ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு வதை. ஆகவே பெற்றோருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முதலில் யாராவது ஒருவருடையதை இரவல் வாங்கி, பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பத்து நிமிடம் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ஒரு நிலையும் பல ஹெட்போன்களில் உண்டு, அதில் தொடங்கலாம்.

சத்தம் கேட்டு நடுங்குவதும் நித்திரை வராததும் ஹெட்போனால் தீரும் வருத்தங்கள் அல்ல. 811 என்ற எண்ணை அழைத்து 2ஐ அழுத்தினால் சமூக சேவையாளர் ஒருவருடன் இலவசமாக, இரகசியமாகக் கதைக்கலாம். போரிலும் சித்திரவதையிலும் அடிபட்டு வந்தவர்களுக்காகவே மொன்றியலில் றிவோ என்ற அமைப்பு இயங்குகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எங்கே மாட்டக் கூடாது

விண்ரரில் வீட்டிலிருப்பவர்கள் கவனியுங்கள். ஸ்னோ அள்ள வருமுன் இழுவை வண்டி இரட்டைத் தொனியில் சைரன் ஊதிக்கொண்டு தெருவில் வரும். கார் வைத்திருப்பவர்கள் இறங்கி ஓடுவதற்கான எச்சரிக்கை அது. ஹெட்போனோடு இருந்தால் கேட்காமல் போகலாம். காரை வேறு தெருவுக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டு, தண்டச் சீட்டும் வைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிது புகை எச்சரிக்கை மணி. அது கீச்சுத் தொனி. ஆனாலும் காது மெத்தையும் பாட்டும் சேர்ந்து அதை மங்கச் செய்யும். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மாட்டவே கூடாது. வீட்டில் தனியாக இருந்து நித்திரை கொள்பவர் ஒரு காதையாவது திறந்து வைப்பது நல்லது.

கார் ஓட்டும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் இரண்டு காதிலும் மாட்டுவது கியூபெக் வீதிச் சட்டப்படி குற்றம். நடந்து போகிறவர்களுக்குச் சட்டம் ஒன்றும் சொல்லாவிட்டாலும், ஜோன்-ற்றலோன் வீதியைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. இந்த ஹெட்போன் செவிப் பாதுகாப்புக் கருவி அல்ல. இயந்திரத்தின் அடித்தொனி குறைந்ததும் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் சம்மட்டி அடி, அறுக்கும் வாள் போன்ற திடீர்க் கீச்சுச் சத்தங்கள் காதைத் தாக்கிக்கொண்டே இருக்கும். கியூபெக்கில் எட்டு மணித்தியால வேலைக்கான இரைச்சல் எல்லை முன்பு 90 டெசிபலாக இருந்தது. 2023 யூன் 16 முதல் 85 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரோடு கதைக்கக் கத்த வேண்டியிருந்தால் உங்கள் வேலைத்தலத்தில் இரைச்சல் கூட என்று அறிந்துகொள்ளுங்கள். தகுந்த காது மூடியை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. வேலையால் காது கேளாமற் போவது ஒரு தொழில் நோயாக ஏற்கப்பட்டது, சி.என்.இ.எஸ்.எஸ்.ரி. என்ற அரச நிறுவனத்திடம் நட்டஈடு கேட்கலாம். புதிதாக வந்தவர், விசா முடிவு வரவில்லை, என்று பயந்து வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் பலர். காது ஒருமுறை போனால் திரும்பி வராது.

அதேபோல, காது மந்தமான அம்மம்மாவுக்கு இதை வாங்கிக் கொடுப்பதிலும் பயனில்லை. அவருக்கு வேண்டியது கேட்க உதவும் கருவி. அதற்குக் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம்.

வாங்கப் போகும்போது

பெட்டியில் 'றெடுக்சியோன் அக்தீவ் டு ப்றுயி' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'அக்தீவ்' என்ற சொல்தான் முக்கியம். அது இல்லாமல் வெறுமனே இரைச்சலைத் தடுக்கும் என்று எழுதியிருந்தால் அது மெத்தை மட்டுமே. படிக்கும் பிள்ளைக்கு வீட்டுக்காரர் கதைக்கும் சத்தம்தான் தொல்லை என்றால், விலை கூடிய ஹெட்போனைவிட மருந்துக்கடையில் சில டொலருக்கு விற்கும் பஞ்சுக் காதடைப்பான் போதுமானதாக இருக்கலாம். பஸ், மெற்றோ, ஃபிறிட்ஜ், காற்றாடி என்றால் ஹெட்போனுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

கடையில் மேலதிக உத்தரவாதம் என்று ஒன்றை விற்கப் பார்ப்பார்கள். கியூபெக் சட்டப்படி எந்தச் சாமானுக்கும் நியாயமான காலத்துக்குச் சட்ட உத்தரவாதம் தானாகவே உண்டு. மேலதிக உத்தரவாதத்தை விற்குமுன் கடைக்காரர் அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் பழுதில்லாத சாமானைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அது கடைக்குக் கடை வேறுபடும். காதில் மாட்டும் சாமானைப் பெட்டி திறந்தபின் எடுக்காத கடைகளும் உண்டு. காசு கொடுக்குமுன் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். காட்சிக்கு வைத்திருப்பதை மாட்டிப் பார்க்கும்போது பாட்டைப் போடாதீர்கள். கடையின் காற்றோட்டக் குழாய்க்குக் கீழே நின்று, பொத்தானை ஒருமுறை போட்டும் நிறுத்தியும், மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடும் பாருங்கள்.